என் வாயால் போன மக்னீன்

ரமலான் பிறப்பதற்கு இரண்டு வாரம் முன்பே எங்கள் பாப் எல் வாத் தெருவில் பெயிண்ட் வாசனை அடிக்கத் தொடங்கிவிடும். பழைய சுவரோடு நோன்புக்குள் நுழைய இங்கே எந்தப் பெண்ணுக்கும் மனசு வராது. சுவருக்கு வழியில்லாதவள்கூட நாலு புதுக் கிண்ணமாவது வாங்கி வைத்துவிடுவாள். சாதாரண வருஷத்திலேயே நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. இந்த வருஷமோ மகள் நவாலுக்கு நிச்சயமாகியிருந்தது. பத்தாம் நோன்பன்று சம்பந்தி வீட்டார் நோன்பு திறக்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். கேட்க வேண்டுமா?

குளியலறைக்குப் புது டைல்ஸ் வந்தது. கூடத்து இருக்கைகளுக்குப் புது உறை தைக்கக் கொடுத்தேன். அடுப்படிக்கு முகம் தெரிகிற மாதிரி பளபளக்கும் எண்ணெய் பெயிண்ட். ப்ளீதாவிலிருந்து வந்த என் தங்கை, இது வீடா ஆஸ்பத்திரியா என்று கேட்டாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். என் கணவர் பூஅலம் துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். என் யோசனைகளுக்கு அவர் குறுக்கே நின்றதில்லை. இந்தத் தடவை ஒன்றே ஒன்று கேட்டார். அடுப்படி ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கிற ஆணியை மட்டும் பிடுங்க வேண்டாம் என்றார். பாஷா தொங்குவது அந்த ஆணியில்தான்.

பாஷா ஒரு மக்னீன், பாடுகிற சின்னப் பறவை. சிவப்பு முகம், சிறகில் மஞ்சள் பட்டை, பொத்திய கைக்குள் அடங்கிவிடும் உடம்பு. எங்கள் ஊர் ஆண்களுக்கு மக்னீன் என்றால் தலைகால் புரியாது. பெண்டாட்டிக்குப் பிரசவ வலி எடுத்தாலும் கூண்டுக்குத் தண்ணீர் வைத்துவிட்டுத்தான் டாக்ஸி பிடிக்கப் போவார்கள். பூஅலம் பாஷாவை ஏழு வருஷமாக வளர்த்தார். முதல் வருஷம் முழுக்க, நன்றாகப் பாடுகிற ஒரு கிழப் பறவையை இரவல் வாங்கிவந்து பக்கத்தில் தொங்கவிட்டுப் பாட்டுப் படிக்க வைத்தார். ஜன்னலில் சிட்டுக்குருவி வந்து உட்கார்ந்தால் ஓடிப்போய் விரட்டுவார். குருவிச் சத்தம் காதில் விழுந்தால் பாட்டு கெட்டுப்போகுமாம். தினமும் காலையில் கூண்டைத் துணியால் மூடி, மூலைக் காப்பிக் கடைக்கு எடுத்துப்போய்ச் சுவரில் மாட்டுவார். பாஷா வாயைத் திறந்தால் டொமினோ ஆடுகிறவர்கள்கூடக் காயைக் கையில் பிடித்தபடி இருப்பார்களாம். தன் வாழ்நாளில் இந்த மனுஷனுக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தரையில் சிதறும் உமிக்காகத் தினமும் சண்டை போட்டேன்.

புதுப் பெயிண்ட் நெடி பறவைக்கு ஆகாது என்பதால் கூண்டு அடுப்படியிலிருந்து கூடத்துக்கு வந்தது. சம்பந்தி வருகிற அன்று காப்பிக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறேன் என்றார் பூஅலம். நான்தான் விடவில்லை. வெண்ணெய் நிறச் சுவரில் அந்தக் கூண்டு தொங்கினால் பெரிய வீட்டுக் களை வரும் என்றேன். அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பத்தாம் நோன்பன்று மாப்பிள்ளைப் பையன் ஹிஷாம், அவன் அப்பா ஸி தாஹர், அம்மா லல்லா ஃபதீஹா மூவரும் வந்தார்கள். லல்லா ஃபதீஹா கைகழுவப் போகிற சாக்கில் குளியலறையை அளந்துவிட்டு வந்தாள். முகத்தில் திருப்தி தெரிந்தது. சுர்பா, புராக், ஆட்டுக்கறி என்று எல்லாம் நல்லபடியாகவே போனது. தேநீர் ஊற்றும்போது, விளக்கு வெளிச்சத்தைப் பகல் என்று நினைத்தோ என்னவோ, பாஷா பாட ஆரம்பித்தான். ஸி தாஹர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். இப்படி ஒரு குரலைத் தான் கேட்டதே இல்லை என்றார். இரண்டு தடவை சொன்னார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். விருந்தாளி எதையாவது மெச்சினால் அது உங்களுதுதான் என்போம். பொருள் அதன் சொந்தக்காரரிடம் இருப்பதுதான் அழகு என்று விருந்தாளி சொல்லுவார். நாம் இன்னும் இரண்டு தடவை வற்புறுத்துவோம், அவர் இன்னும் இரண்டு தடவை மறுப்பார். பேச்சு வேறு பக்கம் போய்விடும். என் கம்மலை, தேநீர்ப் பாத்திரத்தை, கூடத்துக் கம்பளத்தைக்கூட நான் இப்படி எத்தனையோ பேருக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன். எல்லாம் இன்னும் என் வீட்டில்தான் இருக்கின்றன.

“பிடிச்சிருக்கா சம்பந்தி? அப்ப அது உங்களுதுதான்” என்றேன், வாயெல்லாம் பல்லாக.

ஸி தாஹர் எழுந்தார். “அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். வேணாம்னு சொன்னா உங்க மனசை நோகடிச்ச மாதிரி ஆயிடும்” என்றார். நான் அடுத்த வற்புறுத்தலுக்கு வாயைத் திறப்பதற்குள் கூண்டு ஆணியிலிருந்து இறங்கிவிட்டது. ஹிஷாம் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிரியப்பட்டுக் கொடுக்கிறார்கள், நல்ல குடும்பம் என்று லல்லா ஃபதீஹா தன் மகனிடம் சொன்னாள். நவால் பலகாரத் தட்டோடு வாசலில் நின்றுவிட்டாள்.

நான் பூஅலத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. உள்ளே போய்க் கூண்டை மூடும் துணியையும் தானிய டப்பாவையும் எடுத்து வந்தார். குருவி வருகிற ஜன்னலில் மாட்ட வேண்டாம், காற்றோட்டத்தில் வைக்க வேண்டாம், ஞாயிறுதோறும் ஒரு ஆப்பிள் துண்டு வைக்க வேண்டும் என்று சொன்னார். துணியின் முடிச்சு மூன்றாவது தடவைதான் அவருக்கு விழுந்தது.

அவர்கள் போனதும் நான்தான் முதலில் கத்தினேன். தப்பு செய்தவளுக்குத்தானே குரல் உசரும். ஒரு மனுஷனுக்கு மறுக்கத் தெரியாது என்று நான் கண்டேனா என்றேன். பூஅலம் மெதுவாகப் பதில் சொன்னார்.

“உன் வாயில வந்தாலும் என் வாயில வந்தாலும் இந்த வீட்டுப் பேச்சு ஒண்ணுதான். கொடுத்தது கொடுத்ததுதான்.”

நவால் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள், எதையும் பூசி மெழுகத் தெரியாது. “யெம்மா, நான் ஹிஷாம்கிட்ட சொல்றேன், நாளைக்கே கொண்டாந்து கொடுத்துடுவான்” என்றாள். வேண்டாம் என்றேன். கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் கல்யாணத்துக்கு முன்னாலேயே நம் வீட்டுக்குக் கஞ்சப் பட்டம் கட்டிவிடுவார்கள், பிறகு அந்த வீட்டில் நீதான் பேச்சு வாங்குவாய் என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று பூஅலத்திடம் ஒரு சத்தியம் செய்தேன். பெருநாள் இரண்டாம் நாள் நான் அவர்கள் வீட்டுக்குப் போவேன், பாஷா இல்லாமல் திரும்ப மாட்டேன் என்றேன். அவர் சரி என்றார். அந்தச் சரியில் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது, என் காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு அவர் காப்பிக் கடைக்குப் போகவில்லை. அஸர் தொழுகை முடிந்ததும் எங்கேயோ கிளம்பிவிடுவார், நோன்பு திறக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது ரொட்டியோடு திரும்புவார். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு தெருவைச் சுற்றுகிறார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டால் பேச வேண்டியிருக்கும்.

இருபத்தேழாம் இரவு சம்பந்தி வீட்டிலிருந்து வழக்கப்படி பெண்ணுக்குச் சீர் வந்தது. பட்டுத் துணி, வாசனைத் திரவியம், ஒரு தங்கக் காப்பு, கூடை கூடையாகப் பழம். அக்கம்பக்கத்துப் பெண்கள் வாய் பிளந்தார்கள். எனக்கு மட்டும் கூடையில் எதுவும் கண்ணில் படவில்லை. லல்லா ஃபதீஹாவை அடுப்படிக்குக் கூப்பிட்டு, போகிற போக்கில் கேட்பது போல, பாஷா எப்படி இருக்கிறான் என்றேன். “ராஜா மாதிரி இருக்கான்” என்றாள். நான் நம்பினேன்.

பெருநாளைக்கு என் யோசனை இதுதான். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு ஜோடி மஞ்சள் கேனரிப் பறவைகளும், பித்தளைப் பூ வேலை செய்த கூண்டும் வாங்கினேன். உங்கள் புதுக் கூடத்துக்கு ஜோடிதான் பொருத்தம், இதை வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் கிழத்தை எங்களிடமே தந்துவிடுங்கள், இவர் இரவில் தூக்கமில்லாமல் கஷ்டப்படுகிறார் என்று சொல்ல வேண்டும். யாருக்கும் தலைகுனிவு இல்லை. கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பூஅலம் தனக்கு முழங்கால் வலி, வரவில்லை என்றார். நவாலுக்கு அன்று மருந்துக் கடையில் வேலை முறை. ஒரு கையில் மக்ரூத் பலகாரத் தட்டு, மடியில் கேனரிக் கூண்டு என்று நான் மட்டும் டாக்ஸியில் அவர்கள் இருக்கும் பெல்கூருக்குப் போனேன்.

அவர்கள் வீட்டிலும் புதுப் பெயிண்ட்தான். முத்தம், காப்பி, பெருநாள் வாழ்த்து எல்லாம் ஆனது. கேனரிக் கூண்டைப் பார்த்ததும் ஸி தாஹர் எழுந்து வந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நான் கண்ணாடி முன் படித்த பாட்டை ஆரம்பிப்பதற்குள் அது பால்கனியில் தொங்கியது. பக்கத்தில் வேறு கூண்டு இல்லை.

“பாஷா எங்கே?” என்றேன்.

லல்லா ஃபதீஹா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல சேதியைப் பெருநாளன்று சொல்லலாம் என்று வைத்திருந்தாளாம். அரசாங்க வீடு ஒதுக்குகிற அலுவலகத்தில் ஒரு பெரிய ஆள் இருக்கிறாராம், மக்னீன் பைத்தியமாம். ஹிஷாமின் மனு மூன்று வருஷமாக அவர் மேசையில் தூங்கியதாம்.

“பறவை போச்சு, நாலாம் நாள் கையெழுத்து வந்துடுச்சு. மூணு ரூம் வீடு. யாருக்கு? உன் மகளுக்குத்தான். நீ அன்னிக்கு வாய் திறந்து கொடுத்த புண்ணியம்” என்றாள்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? எங்கள் ஊரில் கல்யாணமாகி ஆறு வருஷம் மாமியார் வீட்டுக் கூடத்தில் திரை கட்டிப் படுக்கிற ஜோடிகளை எனக்குத் தெரியும். நானே அப்படிப் படுத்தவள்தான். என் வாய் மட்டும் அல்ஹம்துலில்லாஹ் என்றது. மறுபடி காப்பி கொடுத்தார்கள், குடித்தேன். தட்டை வெறுமனே திருப்பக் கூடாது என்று அதில் தங்கள் வீட்டுப் பலகாரத்தை அடுக்கிக் கொடுத்தார்கள். கேனரி ஜோடி ரொம்ப அழகு என்று ஸி தாஹர் வாசல்வரை வந்து சொன்னார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒரு விருந்து வீட்டில் நான் பதில் சொல்லாமல் படியிறங்கினேன்.

வீட்டுக்கு வந்தபோது பூஅலம் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பாஷாவின் கூண்டுக்கு மாற்றாக வைத்திருந்த துணி, தோய்த்து மடித்தபடி பக்கத்தில் இருந்தது. என் கையில் தட்டு மட்டும் இருப்பதைப் பார்த்தார். எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார்.

நான் பொய் சொன்னேன். எல்லாரும் நலம், பாஷா நன்றாகப் பாடுகிறான், இன்றைக்குக் கேட்க வாய் வரவில்லை, கல்யாணம் முடிந்ததும் கேட்டுவிடலாம் என்றேன்.

“இருபதாம் நோன்புலேர்ந்து அவன் அங்க இல்ல, வர்தியா” என்றார்.

அஸருக்குப் பிறகு தினமும் பஸ் பிடித்து பெல்கூருக்குப் போயிருக்கிறார். அவர்கள் பால்கனிக்கு எதிரே ஒரு முடிவெட்டும் கடை இருக்கிறது, அதன் ஓரமாக நின்றிருக்கிறார். வண்டிச் சத்தத்துக்கு நடுவே முதல் ஒன்பது நாளும் குரல் கேட்டிருக்கிறது. பத்தாம் நாள் கேட்கவில்லை. உடம்பு சரியில்லையோ என்று மறுநாளும் போயிருக்கிறார். மூடிய கூண்டைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று முடிவெட்டுகிறவன் சொல்லியிருக்கிறான். அந்தப் பெரிய ஆளின் பெயர்கூட அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெருவுக்கே தெரிந்திருக்கிறது. இத்தனையும் மனசில் வைத்துக்கொண்டு பத்து நாளாக என் எதிரே உட்கார்ந்து நோன்பு திறந்திருக்கிறார். அன்று காலை நான் கேனரிக் கூண்டைத் துடைத்தபோதும் சும்மா பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

 நாளைக்கே போகிறேன், காப்பையும் பட்டையும் முகத்தில் விட்டெறிந்துவிட்டு வருகிறேன், இப்படிப்பட்ட இடத்தில் பெண் கொடுப்பதா என்று கத்தினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“நவாலுக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா அந்த வீட்டுச் சாவியை அவ கையால தொட மாட்டா. அவ குடியிருக்கணும்” என்றார்.

நான் அழுதேன். என்னைத் திட்டுங்கள் என்றேன், நாலு வார்த்தை கேட்டுவிடுங்கள், முப்பத்துநாலு வருஷத்தில் ஒரு நாளாவது கேளுங்கள் என்றேன். அவர் எழுந்து பலகாரத் தட்டை என் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தார்.

“இனிமே யார் வந்தாலும் பயமில்லாம பேசு. என்னோடதுன்னு நீ எடுத்துக் கொடுக்க இந்த வீட்டுல ஒண்ணும் இல்ல” என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அடுப்பில் கேஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்வது போலச் சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.