பசை காய்வதற்குள்

1

என் குளியலறைக் குழாய் ஒழுகியதால் பிறந்த கதை இது. பழுது பார்க்க வந்த பிளம்பர் பையைத் தரையில் கவிழ்த்தார். குழாயைத் திருப்ப எல்போ, கிளை பிரிக்க டீ, நேராக இணைக்க சாக்கெட், முடித்து வைக்க எண்ட் கேப். கதை எழுதுபவனுக்கு வேறென்ன வேண்டும்? அவர் வேலையைப் பார்த்தார். நான் அவரையே கதைக்குள் தூக்கிப் போட்டுக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: மொட்டைமாடித் தொட்டியின் மேல் அந்தி வெயில் பொன்னை உருக்கி...

(அடித்துவிட்டேன். பிளம்பருக்கு வெயில் என்றால் கழுத்து எரிச்சல், அவ்வளவுதான்.)

இரண்டாவது: பிளம்பர் தொட்டியடியில் குந்தியிருந்தார். மாடிவீட்டு அக்கா அவர் தலைக்கு மேலேயே நின்றாள். கீழ்வீட்டில் அவளுடைய தங்கை. துணி காயப்போடும் கொடி யாருடையது என்று தொடங்கிய சண்டை, மாதக்கணக்காகப் பேச்சில்லை.

"கீழ போற லைனை அடைச்சிடுங்க. ஒரேயடியா."

"வால்வு போட்டா வேணுங்கிறப்ப திறந்துக்கலாம்மா. கேப்பை ஒட்டிட்டா அப்புறம் அறுத்துத்தான் எடுக்கணும்."

"திறக்கிற எண்ணமே இல்ல."

3

(இந்த அக்கா மீது எனக்குச் சந்தேகம். இவ்வளவு கல்நெஞ்சா? போகட்டும், பிளம்பரைப் பின்தொடர்வோம்.)

அவர் தொட்டி வால்வை மூடி, டீயிலிருந்து கீழே போகும் கிளையை அறுத்தார். நுனியைத் துடைத்து, கேப்பில் பசை தடவினார். அப்போதுதான் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் குழாய் எங்கிருந்து வருகிறதென்று எட்டிப்பார்த்தார். முதலில் பார்த்திருக்க வேண்டியது. (தவறு அவருடையது, லாபம் எனக்கு.)

"அம்மா, மோட்டார் கீழ்வீட்லல்ல இருக்கு? தினம் தண்ணி ஏத்துறது அவங்கதானே. நீங்க இதை அடைச்சா, அவங்க அதை நிறுத்திட்டா?"

அக்கா யோசிக்கவே இல்லை.

"அவ அப்படிப் பண்ண மாட்டா."

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

4

முடிவு ஒன்று: அக்கா கதறுகிறாள், தங்கை படியேறி ஓடி வருகிறாள். (எனக்குத் தெரிந்த அக்காக்கள் அவ்வளவு சுலபமில்லை.)

முடிவு இரண்டு: பிளம்பர் கேப்பை அழுத்தி...

(மனசு வரவில்லை.)

ஆகவே இதுவரை நடந்தது மட்டும். பசை தடவிய கேப் பிளம்பர் கையில் இருக்கிறது. அந்தப் பசை யாருக்காகவும் காத்திருக்காது. கீழே யாரோ சுவிட்சைப் போட, மோட்டார் ஓடத் தொடங்குகிறது. தொட்டிக்குள் தண்ணீர் விழும் சத்தம் இருவருக்கும் கேட்கிறது.

"என்னம்மா செய்ய?" என்கிறார் அவர்.

அக்கா வாயைத் திறக்கிறாள். நான் பேனாவை மூடிவிட்டேன். உங்களுக்கு ஒரு தங்கை இருந்தால், இந்த அக்கா என்ன சொல்வாள் என்று என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும்.