பதினோரு வரி

மின்விசிறி திரும்பிய அன்றைக்கே காந்திமதிக்கு வயிற்றெரிச்சல் தொடங்கிவிட்டது, கண்ணுகளா. திண்டிவனத்தில் நேமிராஜ் நயினாரின் மல்லாட்டை மண்டியில், அதான் நிலக்கடலை மண்டியில், பன்னிரண்டு வருஷமாக டைப் அடித்தவள் அவள். எண்பத்தெட்டில் மண்டிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதை இயக்க விழுப்புரத்திலிருந்து கிருஷ்ணவேணி என்றொரு பெண்ணும் வந்தாள். கம்ப்யூட்டருக்குச் சூடு ஆகாதாம். இருந்த ஒரே விசிறி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது.

"வெள்ளிக்கெழம லெட்டரு சரியா வந்துட்சின்னா இனிமே எல்லாம் வேணியே பாத்துக்கட்டும். நீ மூட்டச்சீட்டு எழுதும்மா" என்றார் நயினார்.

அந்த மண்டி லெட்டர்பேடில் ஒரு வழக்கம் உண்டு. உச்சியில் கடைப் பெயர். தாளைப் பிடிக்கிற விரல் படாதபடி அதற்கும் கீழே 'ஸ்ரீ ஆதிநாதர் துணை'. அதன்மேல் ஓர் எழுத்துப் பட்டாலும் நயினாருக்கு மனசு தாங்காது. காந்திமதி பதினோரு வரி தள்ளித்தான் முதல் எழுத்தைத் தட்டுவாள்.

லெட்டர்பேடோ நயினாரின் பீரோவில். வெறுந்தாளில் அளவு வைத்துக்கொண்டிருந்த வேணி கேட்டாள்: "யக்கா, மேல எத்தினி வரி வுடுவீங்க?"

நாக்கு நுனியில் பதினொன்று நின்றது. "எட்டு" என்றாள் காந்திமதி.

வெள்ளிக்கிழமை, நயினார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிரிண்டர் கிர்ரென்று ஓடியது. தேதி போய் ஆதிநாதர் பெயர்மேல் ஏறி உட்கார்ந்தது. நயினார் தாளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"யாரும்மா இந்த அளவு சொன்னது?"

வேணி ஒருதரம் காந்திமதியைப் பார்த்தாள். "யாரும் சொல்லலீங்க சார். நாந்தான் தப்பா போட்டுட்டேன்."

காந்திமதிக்கு வயிறு குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. நல்லவள் என்கிற பெயரிலும் இவளே ஜெயித்துக்கொண்டு போவதா?

"நாந்தாங்க எட்டுன்னு சொன்னேன்" என்று எழுந்தாள். "பதினொண்ணு."

நயினார் வேறொரு தாளை எடுத்து நீட்டினார். வேணி இரண்டு தட்டுத் தட்டினாள். அடுத்த தாள் பழுதில்லாமல் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. பன்னிரண்டு வருஷம் காந்திமதி எண்ணிய எண்ணிக்கை, இரண்டே தட்டில் அந்தப் பெட்டிக்குள் போய்விட்டது.

அவள் மூட்டைச்சீட்டுக் கட்டைப் பிரித்தாள். கழுத்தில் சில்லென்று காற்று பட்டது. வேணி விசிறியைப் பாதி இந்தப் பக்கம் திருப்பியிருந்தாள்.

'இதுவும் இவ குடுத்துத்தானா?' என்று மறுபடி எரிந்தது. ஆனாலும் நாற்காலியை நகர்த்தவில்லை.