குதிரை மார்க்கு லெமுவேல்

அருப்புக்கோட்டையில் நூல் வாங்குகிறவன் நூலைப் பார்க்க மாட்டான். கட்டின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்ப்பான். சீட்டில் யானையா மயிலா, மயில் என்றால் போன வருஷம் வாங்கிய அதே மயில்தானா, அதன் வால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, இவ்வளவுதான் அவனுக்குக் கவலை. என் அப்பா அப்படித்தான் வாங்கினார், அவருடைய அப்பாவும் அப்படித்தான். தறியை விட்டுவிட்டு மைக்செட் வைத்த நான் ஒருவன்தான் எங்கள் தெருவில் புத்திசாலி என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் பெயர் ரங்கராஜ். 'ரங்கராஜ் சவுண்டு சர்வீஸ்' என்று தகரப் பலகை மாட்டியிருந்தேன். இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஓர் ஆம்ப்ளிஃபையர், ஒரு மைக், இசைத்தட்டு சுற்றும் பெட்டி, ஒரு பேட்டரி, இவற்றைச் சுமக்க ஒரு சைக்கிள். சடங்கு, கல்யாணம், கட்சிக் கூட்டம் எதுவானாலும் போவேன். எதிரெதிர்க் கட்சிகளுக்கு அடுத்தடுத்த நாள் கட்டிய அதே ஸ்பீக்கரில் மூன்றாம் நாள் கருமாதிக்கு ஒப்பாரிப் பாட்டு போட்டிருக்கிறேன்.

அறுபத்தாறாம் வருஷம் எங்கள் ஊருக்குக் கோழி வளர்க்கச் சொல்லித்தர அமெரிக்காவிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். அவர் கொண்டுவந்த வெள்ளைக் கோழிகள் மூன்று மாதத்தில் சீக்கில் போயின. அவர் ஆறு மாதத்தில் போனார். போகும்போது, ரேடியோ ரிப்பேர் செய்து கொடுத்ததற்காக எனக்கு ஒரு பெரிய இசைத்தட்டைக் கொடுத்தார். லெமுவேல் கிராண்ட்லி என்ற நீக்ரோ டிரம்ஸ்காரர் வாசித்தது. ஜாஸ் என்று பெயராம். நடுவில் ஒட்டியிருந்த வட்டச் சீட்டில் முன்னங்கால் தூக்கிய வெள்ளைக் குதிரை. அது அந்தக் கம்பெனியின் மார்க்கு.

அடுத்த பங்குனியில் திருச்சுழிக்குத் தெற்கே பூவாணிநேந்தல் ஐயனார் கோயில் பொங்கலுக்குப் போயிருந்தேன். மேளக்காரர்கள் வரவில்லை. தேர்தலில் ஜெயித்தவர்களின் நன்றி அறிவிப்புக் கூட்டத்துக்கு யாரோ அவர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். உச்சி வெயிலில் ஊரே காத்துக் கிடந்தது. சாமியாடி பால்ச்சாமி கையில் அரிவாளோடு கொட்டாவி விட்டார். பொழுது போகட்டும் என்று லெமுவேலைப் போட்டேன்.

இரண்டு வெண்கலத் தாளம் ஜல் ஜல்லென்று மோதின. பிறகு பதினொரு நிமிஷம் அந்த மனிதர் கையையும் காலையும் வைத்துப் பண்ணிய அமர்க்களத்தில் வேப்பமரத்துக் காக்காய் அத்தனையும் பறந்துவிட்டது. பால்ச்சாமிக்குச் சாமி இறங்கிவிட்டது. அப்படி ஓர் ஆட்டத்தை ஊர் அதுவரை பார்த்ததில்லை. ஆடி முடிந்ததும் பூசாரி இருளப்பசாமி தட்டை வாங்கிப் பார்த்தார். குதிரை! கோயில் வாசலில் நிற்கும் மண்குதிரையை ஒரு தடவை பார்த்தார், சீட்டை ஒரு தடவை பார்த்தார்.

"ஐயனாரு வாகனம்ல இது. அதான் வந்துட்டாரு" என்றார்.

அன்றிலிருந்து பூவாணிநேந்தலுக்கு மேளம் வேண்டாம், குதிரை மார்க்கு போதும். லெமுவேல் என்ற பெயரைக் கேட்டு திருநெல்வேலிச் சீமையில் நாசரேத் பக்கத்துக் கிறிஸ்தவரா என்று விசாரித்தவர்களும் உண்டு.

எனக்கோ வேறு பைத்தியம் பிடித்தது. தட்டின் அட்டைப் பின்புறத்தை எழுத்துக் கூட்டிப் படித்ததில், குதிரைக் கம்பெனிக்கு வருவதற்கு முன்னாலும் இடையிடையிலும் லெமுவேல் சின்னச் சின்னக் கம்பெனிகளுக்கு வாசித்திருக்கிறார் என்று தெரிந்தது. விடுவேனா? சென்னைக்கு எழுதினேன், பம்பாய்க்கு எழுதினேன். மதுரையில் பழைய சாமான் கடைகளில் தூசி தின்றேன். நாலு வருஷத்தில் மூன்று தட்டு சேர்ந்தது. ஒன்றில் மீன் படம், ஒன்றில் மூன்று நட்சத்திரம். தூத்துக்குடியில் ஒரு கப்பல்காரரிடம் கெஞ்சி வாங்கிய மூன்றாவதில் படமே இல்லை. காக்கி நிறச் சீட்டில் நாலு வரி எழுத்து, அவ்வளவுதான்.

அந்தக் காக்கித் தட்டைப் போல ஒன்றை நான் கேட்டதே இல்லை. ஆரம்பத்தில் டிரம்ஸ் வாசிக்கிற மாதிரியே இருக்காது. யாரோ ஈர்க்குமாற்றால் வாசல் கூட்டுகிற மாதிரி இருக்கும். பிறகு ஓர் அடி, சற்று விட்டு இன்னோர் அடி. மூன்றாவது விழ வேண்டிய இடத்தில் கையை நிறுத்திக்கொள்வார். நம் நெஞ்சு அந்த அடியைத் தானாகப் போட்டுக்கொள்ளும். முதல் தடவை கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. என் மனைவி பாலாமணி எட்டிப் பார்த்து, "தட்டு சிக்கிக்கிட்டு நிக்குது, அதுக்கு ஏன் அழுவுறீங்க?" என்று எங்கள் வீட்டுக் கன்னடத்தில் கேட்டுவிட்டுப் போனாள்.

இதை ஊருக்குச் சொல்லியே தீர வேண்டும் என்று ஆகிவிட்டது எனக்கு. டீக்கடையில் சொன்னேன். படித்தவர்களைத் தேடிப் பிடித்துச் சொன்னேன். ஹைஸ்கூல் வாத்தியார் வெங்கடரமணன் தட்டை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "மார்க்கே இல்லாத கம்பெனியா? அப்ப டூப்ளிகேட்டா இருக்கும்" என்றார். பி.ஏ., பி.டி. படித்தவர். பூவாணிநேந்தலிலும் ஒரு வருஷம் மீன் மார்க்கைப் போட்டுப் பார்க்க அனுமதி கேட்டேன். ஐயனார் மீன் மேல் ஏறி வந்ததாக யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறாயா என்றார் பூசாரி.

எழுபத்தொன்றாம் வருஷப் பங்குனிப் பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் சங்கரம்மாள் என்ற பெண் கடைக்கு வந்தாள். பூவாணிநேந்தல் கருத்தப்பாண்டியின் மகள். அந்த ஊர்ப் பெண்களில் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள் அவள் ஒருத்திதான். மதுரையில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்து, சித்திரை பிறந்ததும் வந்து சேரச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. அப்பா சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. பங்குனிப் பொங்கலில் ஐயனார் உத்தரவு கொடுத்தால் போகட்டும் என்று சொல்லிவிட்டார்.

"இந்தப் பொங்கல்ல சாமி வரலன்னா அடுத்த பொங்கலுக்குத்தான்ணே. அதுக்குள்ள கலியாணம் பண்ணி வச்சிருவாக. தட்டப் பத்திரமா கொண்டு வந்துருங்க" என்றாள்.

"அது என் பொறுப்பு, ஏத்தா. நீ பெட்டியக் கட்டு" என்றேன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

மறுநாள் குதிரை மார்க்கைத் துடைத்துப் பையில் போட்டு, சைக்கிள் கேரியரில் வைத்துக்கொண்டு பேட்டரி சார்ஜ் செய்யும் கடைக்குப் போனேன். வழியில் டீக்கடையில் நாலு பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். சும்மா இருப்பவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. லெமுவேல் குதிரைக் கம்பெனியோடு முடிந்துபோனவர் அல்ல, அவரை முழுதாக அறிய வேண்டுமானால் சின்னக் கம்பெனித் தட்டுகளைத்தான் கேட்க வேண்டும் என்று ஆரம்பித்தேன். முக்கால் மணி நேரம் பேசியிருப்பேன். திரும்பி வந்து பார்த்தால், பங்குனி வெயிலில் கேரியரில் இருந்த தட்டு பொரித்த அப்பளமாக நெளிந்து போயிருந்தது. ஊசியை வைத்தால் தவளை மாதிரி குதித்தது.

சங்கரம்மாளுக்கு மட்டும் ரகசியமாகச் சொல்லி அனுப்பினேன். அவள் சாயங்கால பஸ்ஸில் ஓடி வந்தாள். அழவில்லை. கடை முழுவதையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"அதே ஆளு அடிச்ச வேற தட்டு இருக்குன்னு சொல்லுவீகளே?"

"இருக்கு. ஆனா குதிரை இல்ல. பூசாரி தொட விடமாட்டாரு."

"குதிரைய எடுத்து அதுல ஒட்டுங்க."

"அப்படிச் செய்யக் கூடாதுத்தா. அது அந்தக் கலைஞனுக்குச் செய்யிற துரோகம்" என்றேன். வெட்கமில்லாமல் அதைச் சொன்னேன்.

"அவரு எங்கயோ நல்லாத்தான்ணே இருப்பாரு. நான்தான் அடுப்படிக்குப் போவேன்" என்றாள்.

கடைக் கதவைச் சாத்தினேன். நெளிந்த தட்டின் சீட்டு பிய்த்தாலும் வரவில்லை. தட்டின் உறை அட்டையில் அதே அளவில் குதிரை அச்சிட்டிருந்ததால் அதை வட்டமாக வெட்டி, நடுவில் கோணூசியால் துளை போட்டேன். மீன் தட்டும் நட்சத்திரத் தட்டும் பாதியில் கீறல். மிச்சம் இருந்தது காக்கிதான். பக்கத்துத் தறி வீட்டில் பாவு நூலுக்குப் போடும் கஞ்சியை வாங்கித் தடவிக் குதிரையை அதன்மேல் ஒட்டினேன்.

பொங்கல் அன்று பூசாரி இருளப்பசாமி வழக்கம்போலத் தட்டை வாங்கினார். குதிரையைப் பார்த்தார், கண்ணில் ஒற்றிக்கொண்டார், சீட்டுக்குக் குங்குமம் வைத்தார். கஞ்சி இன்னும் முழுதாகக் காயவில்லை. நான் வேர்வையைத் துடைத்துக்கொண்டு ஊசியை இறக்கினேன்.

வேப்பமரத்து ஸ்பீக்கரில் யாரோ வாசல் கூட்டினார்கள்.

பால்ச்சாமிக்கு நாலு வருஷப் பழக்கம். இரண்டு தாளம் ஜல் ஜல்லென்றால் தோள் குலுங்க வேண்டும், பெரிய உருட்டு வந்தால் குதிக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் உடம்புக்குப் பாடம். அன்று ஜல்லும் வரவில்லை, உருட்டும் வரவில்லை. ஒரு காலைத் தூக்கினார். யோசித்து இறக்கினார். மெதுவாக என் பக்கம் சாய்ந்து, "ஏப்பா, சுத்துதா?" என்றார்.

"சுத்துதுண்ணே."

ஐந்து நிமிஷம் போயிற்று. பொங்கல் பானைகள் ஆறிக்கொண்டிருந்தன. கூட்டம் முணுமுணுத்தது. "சாமிக்கு இஷ்டமில்ல போலருக்கு" என்றார் பூசாரி. பெண்கள் வரிசையில் நின்ற சங்கரம்மாள் என்னையே பார்த்தாள். இது சாமியின் குற்றமில்லை, என் குற்றம், தட்டை மாற்றி ஒட்டிவிட்டேன் என்று சொல்லிவிட முடிவு செய்தேன். அடி விழும், தொழில் போகும், போகட்டும். மைக்கைக் கையில் எடுத்தேன்.

அப்போதுதான் கூட்டத்தின் கடைசியில் ஒரு சத்தம். எப்போதும் பனைமரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் சங்கரம்மாளின் அப்பா கருத்தப்பாண்டி, எந்தப் பொங்கலிலும் ஒரு விரலைக் கூட அசைக்காத மனிதர், கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். தோளில் துண்டில்லை. கண் எங்களில் யாரையும் பார்க்கவில்லை. லெமுவேல் கையை நிறுத்தும் இடத்திலெல்லாம் அவர் கால் தரையில் விழுந்தது. விடுபட்ட அத்தனை அடியையும் அந்தக் கால் போட்டது. பால்ச்சாமி கையிலிருந்த அரிவாளை வாங்கினார். பால்ச்சாமி மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தார்.

"வந்திருக்கறது யாரு?" என்றார் பூசாரி.

"ஐயனாருடா!"

"இந்தப் புள்ள மதுரைக்குப் போகலாமா வேணாமான்னு வாக்குச் சொல்லணும்."

"போகட்டும்டா! அவ அப்பன் பயந்தவன்டா. ஊரு என்ன பேசுமோன்னு பயந்து எம் புள்ளைய அடுப்படியில ஒக்கார வைக்கப் பாக்கான். அவன் கெடக்கான். அவ போகட்டும்டா!"

சொல்லிவிட்டு மண்ணில் விழுந்தார். தண்ணீர் தெளித்தார்கள். எழுந்ததும், நடந்ததைச் சொன்னார்கள். "நானா? நானா சொன்னேன்?" என்று கேட்டார். ஊரே ஆமாம் என்றது. சாமி சொன்ன வாக்கை யார் மாற்ற முடியும்? சங்கரம்மாளின் அம்மா மாரிக்கனி அங்கேயே பெட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

பூசாரி என் தோளைத் தட்டினார். "என்ன இருந்தாலும் குதிரை மார்க்கு குதிரை மார்க்குதான். நீ மீனு கீனுன்னுட்டுத் திரிஞ்சியே!" என்றார்.

என் வாழ்நாளில் நான் அடைந்த ஒரே வெற்றி அது. காக்கித் தட்டின் பெருமையை ஒரு கூட்டத்துக்கு நடுவே நிரூபித்துவிட்டேன், அதை ஒருவரிடமும் வாய் திறந்து சொல்ல முடியாது. ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

சித்திரை மூன்றாம் தேதி அருப்புக்கோட்டையில் சங்கரம்மாளை மதுரை பஸ்ஸில் ஏற்றினோம். நான்தான் கொண்டுபோய் விடுவேன் என்று மாரிக்கனியும் கூட ஏறிக்கொண்டாள். பஸ் புறப்பட்டதும் கருத்தப்பாண்டியும் நானும் நின்றோம். அவர் பஸ் போன ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரங்கராசு, அன்னைக்குப் போட்டது வேற தட்டுதான?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இல்லண்ணே. குதிரைதான். பூசாரியே பார்த்தாரே."

"அவரு பாத்தாரு. நான் கேட்டேன்." துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஆளு அதே ஆளுதான். எடது கை அதே கை. முந்தின தட்டுல ஊரு மெச்சணும்னு அடிச்சான். இதுல, அடிக்க வேண்டிய எடத்துல கைய வச்சுக்கிட்டு சும்மா இருந்தான்ல, அது எனக்குத் தாங்கலப்பா. அவ படிக்கப் போகணும்னு கேட்டதுலருந்து ஒரு வருசமா நானும் அப்படித்தான் இருந்தேன், போன்னு சொல்ற வார்த்தைய வாயில வச்சுக்கிட்டு."

பி.ஏ. படித்தவரையெல்லாம் பிடித்து வைத்து நாலு வருஷம் பேசியிருக்கிறேன். பனைமரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற இந்த மனிதரிடம் ஒரு நாள், ஒரு வார்த்தை கேட்டதில்லை. எழுத்துத் தெரியாதவர் என்ற மார்க்கைப் பார்த்தே நானும் தள்ளி வைத்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாகவும் இருந்தது.

"அப்ப சாமி வந்தது?" என்று கேட்டேன்.

"தெரியலப்பா. வந்திருக்கலாம். நானா சொல்லணும்னா இந்தச் சென்மத்துல சொல்லிருக்க மாட்டேன்." துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு கேட்டார்: "அந்தத் தட்டுக்குப் பின்பக்கம் உண்டுமா?"

"உண்டுண்ணே. அது இதைவிட நல்லாருக்கும்."

"நம்ம ஊருக்குப் பஸ்ஸு ரெண்டு மணிக்குத்தான்" என்றார். இருவரும் என் கடைப் பக்கம் நடந்தோம்.