மிச்சம் வைக்காத பிள்ளைகள்

திருப்பதியில் ஒரு யூனிவர்சிட்டி. அதன் லேடீஸ் ஹாஸ்டல் மெஸ்ஸில் தட்டு கழுவுகிறவள் பிரமிளா. மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க அவளை எச்சில் தொட்டிப் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டார்கள். சோற்றைக் கொட்ட வருகிற பிள்ளைகளிடம் "வேஸ்ட் பண்ணாதீங்கம்மா" என்று சொல்ல வேண்டுமாம். குப்பையைக் குறைக்கக் கமிட்டி போட்டவர்களுக்கு வேறு ஆளே கிடைக்கவில்லை பாருங்கள்!

அந்தத் தொட்டியை நம்பித்தான் வடமாலப்பேட்டை பக்கத்தில் அவள் வீட்டு எருமை உயிரோடு இருந்தது. மழை ஏமாற்றிவிட்டது, வைக்கோல் வாங்கக் கட்டுப்படியாகவில்லை. சாயங்காலமானால் அவள் புருஷன் கோவர்த்தனன் டிவிஎஸ்ஸில் இரண்டு டிரம்மைக் கட்டிக்கொண்டு வருவான். மிச்சச் சோறும் சாம்பாரும் கஞ்சியுமாக நிரப்பிக்கொண்டு போவான். எருமை இப்போதுதான் கன்று போட்டிருந்தது. அந்தப் பாலை வைத்துத்தான் வீடு ஓடியது.

கமிட்டி வந்த பிறகு ஒரு டிரம் பாதிகூட நிறையவில்லை.

"பாலு சுண்டிப் போச்சு. கன்னுக்குட்டிக்கே பத்தல," என்றான் கோவர்த்தனன். "நீ இன்னாடி சொல்லிக்கினு நிக்கற அந்தப் பசங்ககிட்ட?"

"சொல்லச் சொன்னதத்தான் சொல்றேன்."

பொய். அவள் வாயே திறப்பதில்லை. சொல்ல மனசு வந்தால்தானே! எருமையின் ஒட்டிய வயிற்றை நினைத்துக்கொண்டு, முகம் தொங்கிப்போய், பேசாமல் நிற்பாள். வினையே அதில்தான் வந்தது. மற்ற ஹாஸ்டல்களில் தொண்டை கிழியக் கத்தியும் குறையாத மிச்சம் இங்கே மட்டும் மளமளவென்று குறைந்தது. வார்டன் சுலோசனா வந்து தோளைத் தட்டினாள்.

"எல்லாம் உங்க மூஞ்சிதான் பிரமிளம்மா! அதப் பாத்தா எவளுக்கும் சோத்தக் கொட்ட மனசு வரல. இப்பிடியே நில்லுங்க, போதும்."

பிரமிளா சிரித்துப் பார்த்தாள். எங்கே வருகிறது சிரிப்பு? நாளுக்கு நாள் எருமை இளைத்தது. அது இளைக்க இளைக்க இவள் முகம் இன்னும் சோர்ந்தது. பிள்ளைகளோ அந்த முகத்தைப் பார்த்துப் பருக்கை விடாமல் தின்றார்கள். என்ன கொடுமை இது!

அன்றைக்குச் சித்தூர்ப் பெண் ஹரிதா தட்டோடு வந்தாள். தட்டு நிறையக் கை வைக்காத சாம்பார் சாதம். பிரமிளாவின் கண் அதிலேயே நின்றது. போடு தாயே, போட்டுவிடு என்று மனசு கெஞ்சியது. ஹரிதா நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான், தட்டோடு திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் குடித்துக் குடித்து, கண்ணில் நீர் முட்ட, அத்தனையையும் உள்ளே தள்ளினாள்.

பிறகு வந்து, வழித்துத் துடைத்த தட்டை நீட்டினாள். "உங்களுக்காகத்தான்க்கா துன்னேன். இப்பவாவது கொஞ்சம் சிரிங்க."

பிரமிளாவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "நாளையிலேர்ந்து கொஞ்சம் மிச்சம் வையி கண்ணு. உன்னக் கும்பிட்டுக் கேக்கறேன்."

ஹரிதா ஒரு நொடி விழித்தாள். அப்புறம் குபீரென்று சிரித்தாள். பின்னால் வரிசையில் நின்றவர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

"ஏய், அக்கா ஜோக்கெல்லாம் அடிக்கிறாங்கடி!" என்றபடி ஹரிதா கை கழுவப் போனாள்.

அடுத்தவள் பெருமையோடு தன் காலித் தட்டை நீட்டினாள்.