அனெஸ்திஸுக்கு எதிராக விழுந்த சில்லுகள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில், கஸ்த்ரி மலையுச்சியில் பாழாய்க் கிடக்கும் பழைய நகரத்தைத் தோண்டியபோது வெளிவந்த இரண்டாயிரத்து நானூறு வருடத்து ஓட்டாஞ்சில்லுகளில், மலையடிவாரத்து ஊரில் உயிரோடு உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்த ஒருவனின் பெயர் கீறியிருந்தது. மித்ரோஸ் மகன் அனெஸ்திஸ். தகப்பன் பெயரும் சேர்ந்திருந்ததால் வேறு யாரோ என்று தட்டிக்கழிக்க வழியில்லை. அந்தக் காலத்தில் அப்படி ஒரு பெயரே கிடையாதே என்று ஏதென்ஸிலிருந்து தோண்டவந்த ஆராய்ச்சிக்கார அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். சில்லுகளைக் கழுவும் வேலையிலிருந்த பொலிக்ஸேனிக்கு மட்டும் ஆச்சரியம் இல்லை. உள்நாட்டுப் போரில் அவள் அண்ணன் லூக்காஸைக் காப்பிக்கடை வாசலில் வைத்துப் படையினருக்கு விரல் நீட்டிக் காட்டிக்கொடுத்தவன் இந்த அனெஸ்திஸ்தான். லூக்காஸைத் தீவுச் சிறைக்கு ஏற்றிப்போனார்கள், எலும்புகூடத் திரும்பவில்லை. அவனுடைய ஒலிவத் தோப்பு அனெஸ்திஸின் வேலிக்குள் போனது. கடையிலிருந்த அத்தனை பேரும் அந்த விரலைப் பார்த்தவர்கள். பொலிக்ஸேனி கேட்டபோதெல்லாம் கோப்பைக்குள் பார்த்தார்கள்.

மலைநகரத்தாருக்கு ஒரு வழக்கம் இருந்ததாம். ஒருவன் இனி வேண்டாம் என்று தோன்றினால், உடைந்த பானைச் சில்லில் அவன் பெயரைக் கீறிச் சந்தைவெளியில் போடுவார்கள். குவியல் பெருத்தால் அவன் பத்து நாளில் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும். பத்து வருடம் கழித்து வரலாம், நிலபுலன் அவனுக்கே. ஏதென்ஸ் அம்மா இதைச் சொன்ன மறுநாளிலிருந்து சில்லுகள் மலையோடு நிற்கவில்லை. அனெஸ்திஸ் ஏர் ஓட்டினால் கொழுவில் இடறின, வெங்காயம் பிடுங்கினால் வேரோடு வந்தன, ரொட்டி அடுப்பின் சாம்பலில் கிடந்தன. பாதிரியார் புனித நீர் தெளித்தார். ஈரத்தில் எழுத்து இன்னும் நன்றாகத் தெரிந்தது. போ என்று அவனிடம் ஒருவரும் சொல்லவில்லை. காலை பஸ்ஸில் ஓர் இருக்கையைத் தினமும் காலியாக விட்டுவைத்தார்கள், அவ்வளவுதான். பத்தாம் நாள் அதில் ஏறிப் போனான்.

"ஒழிஞ்சான். இனிமேலாவது நிம்மதியா தூங்கு தங்கச்சி," என்றார் காப்பிக்கடைக்காரர் ஸ்தெர்யோஸ்.

"பத்து வருஷம்தானா? எங்கண்ணன் போய்ப் பதினாலு வருஷமாச்சு, அவனுக்கு யாராவது பஸ்ல எடம் போட்டு வச்சீங்களா? செத்தவங்களுக்கு இருக்கிற ரோஷம் உசுரோட இருக்கிற உங்களுக்கு இல்லையே, தூ!"

"நாங்க என்ன பண்றது? அதான் மேல இருக்கிறவங்களே தீர்ப்பு சொல்லிட்டாங்களே," என்று அவர் மலையைக் காட்டினார்.

பத்து வருடமும் போனது. நிலநடுக்கத்தில் மலைக்கோயிலின் இரண்டு தூண்கள் சாய்ந்தன, ஊருக்கு மின்சாரம் வந்தது, தலைநகரில் கர்னல்கள் ஆட்சியைப் பிடித்தார்கள். பொலிக்ஸேனி வந்த வரனையெல்லாம் வேண்டாமென்றாள். அவன் இந்த ஊரில் மறுபடி கால்நீட்டி உட்காரக் கூடாது. அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான், அதைத் தின்றே அவள் உயிரோடிருந்தாள். ஆனால் கெடு முடிந்த அன்றே அனெஸ்திஸ் பஸ்ஸிலிருந்து இறங்கினான், புதுத் தொப்பியும் கையில் மிட்டாய்ப் பெட்டியுமாக. நேரே கடைக்குப் போய்ப் பழைய நாற்காலியில் உட்கார்ந்து காப்பி சொன்னான். சேதி கேட்டு ஓடிவந்த பொலிக்ஸேனி அவன் எதிரே போய் நின்றாள்.

"எங்கண்ணனை எங்கடா விட்டுட்டு வந்த?"

"பழசையெல்லாம் ஏன் கிளறுற பொலிக்ஸேனி? தண்டனை முடிஞ்சுபோச்சு. மிட்டாய் எடுத்துக்கோ."

அவள் கடையிலிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். கோப்பைக்குள் குனிந்தார்கள். அப்போது ஸ்தெர்யோஸ் கையிலிருந்த சாஸர் தானாகப் பிளந்தது. பாதிச் சில்லில் அனெஸ்திஸின் பெயர், கடைப் பலகையில் அவர் எழுதும் அதே சாய்ந்த எழுத்தில். அடுத்து கோப்பைகள் உடைந்தன. பிறகு தெருத்தெருவாக அடுப்படிகளில் தட்டும் கிண்ணமும் வெடித்தன. பெண்கள் மடியில் சில்லுகளை அள்ளிவந்து சந்தைவெளியில் கொட்டினார்கள். ரொட்டிக்காரனின் கிறுக்கல், பாதிரியாரின் அழகான எழுத்து. அனெஸ்திஸின் கூடப்பிறந்தவள்கூடத் தன் கல்யாணத் தட்டின் தங்கவிளிம்புச் சில்லைக் கொண்டுவந்து போட்டாள். இதை நான் எழுதவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை.

பொலிக்ஸேனி வீட்டில் மட்டும் எதுவும் உடையவில்லை. அவள் போய் ஒரு முழுத் தட்டை எடுத்துவந்து அவன் காலடியில் ஓங்கி அடித்தாள். அதில் ஒரு சில்லை எடுத்து, ஆணியால், எல்லோரும் பார்க்க, அவசரமில்லாமல் அவன் பெயரைத் தகப்பன் பெயரோடு கீறிக் குவியலின் உச்சியில் வைத்தாள். வயிறு குளிர்ந்தது. பஸ் ஓட்டுநர் இன்ஜினை அணைக்கவே இல்லை. அனெஸ்திஸ் தொப்பியை மறந்துவிட்டு ஏறினான்.

அந்த வாரம் முழுக்க ஊரே சட்டியில் சாப்பிட்டது. சனிக்கிழமை வந்த பீங்கான் வியாபாரி வண்டிச் சரக்கு முழுக்க விற்றுத்தீர்ந்ததில் வாய்பிளந்து, என்ன ஆச்சு என்று கேட்டான்.

"தேர்தல் நடந்துச்சுப்பா," என்றார் ஸ்தெர்யோஸ்.

அந்த வருடங்களில் நாட்டில் தேர்தலே கிடையாது. வியாபாரி பீங்கான் பொதிந்துவந்த வைக்கோலைத் தட்டி மடித்துக்கொண்டு, அடுத்த சனிக்கிழமை சாஸரும் கொண்டுவரவா என்று மட்டும் கேட்டான்.