ரோஜாவுக்குள் குடியிருந்ததற்கான சான்று

கணவரோடு போய்ச் சேர நான் விண்ணப்பித்தபோது, எங்கள் கல்யாண ஆல்பத்தில் நாங்கள் தங்கியிருந்த இடங்களுக்கெல்லாம் இருப்பிடச் சான்று கேட்டுக் கடிதம் வந்தது. பதினான்காம் பக்கத்தில் ஒரு ரோஜாவுக்குள் இருக்கிறோம். இருபத்திரண்டில் பிறை நிலாவில் உட்கார்ந்திருக்கிறோம். இருபத்தெட்டில் தாமரைக் குளத்தில், உள்ளங்கை அளவு அன்னக்குஞ்சு ஒன்றோடு நிற்கிறோம். கேட்டது நியாயம்தான். குடியிருந்த இடங்களில் ஒரு நாள்கூட விட்டுப்போகக் கூடாது, எதையாவது மறைத்தால் நிரந்தரத் தடை என்று படிவத்திலேயே போட்டிருந்தது. அறுபது நாள் அவகாசம்.

கல்யாணமான பதினோராம் நாள் அவர் விமானம் ஏறிவிட்டார். பெயர் செண்பகராஜ். ஒரு குளிர்தேசத்தில் பிஸ்கட் கம்பெனியில் வேலை. இரண்டு வருடமாகப் போனில்தான் குடித்தனம். இந்த விண்ணப்பம் தள்ளுபடியானால் இன்னும் ஐந்து வருடம் அதே போன்தான்.

திருநெல்வேலியில் ஒரு விசா வக்கீலைப் பார்த்தேன். ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, "இந்த மூணு பக்கத்தையும் கிழிச்சிருங்கம்மா, சோலி முடிஞ்சுது" என்றார்.

"நாங்க அங்க இருந்தோமே, சார்."

"அது யாருக்குத் தெரியப்போவுது?"

எனக்குத் தெரியுமே. ஆல்பத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஏழு வருடம் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்தவள் நான். ஒரு படிவத்துக்குப் பயந்து, வாழ்ந்த வீட்டைக் கிழித்துப் போடுவேனா?

ரோஜாவுக்கென்று தனி வி.ஏ.ஓ. கிடையாது. செம்பருத்தியைப் பார்ப்பவருக்கே கூடுதல் பொறுப்பு. இரண்டு தடவை அலைந்து, மூன்றாம் தடவைதான் ஆளைப் பிடித்தேன்.

"எந்த இதழும்மா?"

"உள்ளேயிருந்து மூணாவது, சார். கெழக்க பாத்தது."

"ரேஷன் கார்டு?"

"அஞ்சு நாள்தான் இருந்தோம். கார்டு மாத்தல."

அவர் பதிவேட்டைப் புரட்டினார். எங்களுக்கு முன்னால் நானூறு ஜோடிகள் அதே ரோஜாவில் இருந்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒருவர்கூடச் சான்று கேட்டதில்லை. முறையாக வந்து கேட்ட முதல் ஆள் என்று என்மேல் அவருக்கு மரியாதையே வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டு, சீலை இரண்டு தரம் குத்திக் கொடுத்தார்.

நிலாவுக்குப் போலீஸ் நன்னடத்தைச் சான்றும் தேவைப்பட்டது. அந்த ஸ்டேஷன் மூன்றாம் பிறை அன்று மட்டும் திறக்கும். மேகம் போட்டால் விடுமுறை. முதல் மாதம் மேகம் போட்டது. அடுத்த பிறை வந்தபோது கையில் ஒன்பது நாள்தான் மிச்சம். அன்று சாயங்காலம் வானம் துடைத்துவிட்டாற்போல இருந்தது. மொட்டை மாடியிலிருந்து ஏறிப் போனேன். ஏட்டு படத்தை உற்றுப் பார்த்தார்.

"காலைத் தொங்கப்போட்டு உக்காந்திருக்கீங்க. செருப்பு எதுவும் கீழ விழுந்துச்சா?"

"கழட்டி வச்சிட்டுத்தான் ஏறுனோம், ஐயா."

"நல்ல பழக்கம்" என்று அதையே சான்றிலும் எழுதினார்.

குளத்துக்குச் சான்று தர ஆளில்லை. 'உடன் வசித்தவர்கள்' என்ற கட்டத்தில், அங்கிருந்து எங்களோடு வந்து இப்போது என்னிடம் வளரும் அன்னத்தை நிரப்பி, அதன் கால் ரேகையை ஒற்றி அனுப்பினேன்.

கடைசியில் நேர்காணல். சென்னையில் என்னையும் அங்கே அவரையும் ஒரே நேரத்தில், தனித்தனியாக உட்காரவைத்தார்கள். கேள்வி இருவருக்கும் ஒன்றுதான். பதில் பொருந்தவில்லை என்றால் அத்தோடு போச்சு. என் எதிரே தமிழ் தெரிந்த ஓர் அம்மையார்.

"ரோஜா ஒழுகுமா?"

"ஒழுகும், மேடம். விடியக்காலைல பனி அவரு பக்கம்தான் சொட்டும். எடம் மாத்திக்குவோம்னு எத்தனையோ தடவை சொன்னேன்."

அம்மையார் திரையைப் பார்த்தார். "ஒழுகவே இல்லைன்னு உங்க கணவர் சொல்றாரே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்பவும் அப்படித்தான் சொன்னாரு, மேடம். சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கும்."

அம்மையார் பேனாவை மூடி வைத்தார். பிறகு முத்திரையை எடுத்தார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. வக்கீல் இல்லை, ஏஜென்ட் இல்லை. ஒரு பக்கமும் கிழியாத ஆல்பத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, சென்னை வெயிலில் ராணி மாதிரி நடந்தேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரம்மாவிடம் கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னேன்.

தபாலில் இரண்டு விசா வந்தன. எனக்கு இரண்டு வருடம், அன்னத்துக்கு நிரந்தரம். அதற்கு ஜன்னலோர சீட் கிடைத்தது.

விமான நிலையத்தில் அவர் தடுப்புக்கு அந்தப்பக்கம் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். நானும் அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து அன்னத்தைப் பார்த்தார்.

"நான் கெளம்பும்போது உள்ளங்கை தண்டிதான் இருந்தா. என்னமா வளந்துட்டா! மூக்கு அப்படியே ஒன்னைய உரிச்சு வச்சிருக்கு, கோமு."

"ஊர்ல எல்லாரும் அது ஒங்க மூக்குன்னுதான் சொல்லுதாங்க" என்றேன்.