சுரங்க அறையில் ஒரு மூச்சு

திரையில் கோடுகள் விழுந்ததும் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வெளியே தள்ளித் தள்ளி நிற்கும் இரண்டு தொலைநோக்கிகள் ஒரே நட்சத்திரத்தின் ஒளியைப் பிடித்துப் பக்கத்துச் சுரங்க அறைக்குள் அனுப்பும். அங்கே தண்டவாளத்தில் ஓடும் கண்ணாடி வண்டி அந்த இரண்டு ஒளியையும் மயிரிழை பிசகாமல் சேர்த்தால்தான் கறுப்பும் வெளுப்புமாகக் கோடுகள் தெரியும். கோடுகள் அசையாமல் நின்றால் நட்சத்திரத்தின் இடம் துல்லியமாகக் கிடைக்கும். மூன்று வருட வேலையில் இதுதான் கடைசி அளவு. பொழுது சாய்ந்துவிட்டது, சற்று நேரத்தில் நட்சத்திரம் மலைக்குப் பின்னால் போய்விடும். நாளை முதல் அது சூரியனோடு சேர்ந்தே மறையும். இன்று தவறினால் இதுவரை அளந்ததெல்லாம் விழலுக்கு இறைத்த நீர்.

ஆனால் கோடுகள் நிற்கவில்லை. ஏறின, இறங்கின, மறுபடி ஏறின. காற்றாக இருக்கும் என்று நினைத்தாள். காற்றுக்கு இப்படி ஒரு தாளம் ஏது? சுரங்க அறைக்குள் யாரோ விடும் மூச்சு ஒளியை அசைக்கிறது.

"மெக்கானிக் எங்க?" என்று தொலைநோக்கிக்காரரை இன்டர்காமில் கேட்டாள். மெக்கானிக் வேறு யாருமில்லை, அவள் வீட்டுக்காரர்தான்.

"வண்டிச் சக்கரம் கீச்சுகீச்சுங்குதுன்னு எண்ணெ விடப் போனாரே. இன்னும் வரலியா?"

அளவு தொடங்கினால் சுரங்கக் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். அவசரத்தில் உள்ளே எட்டிப் பார்க்காமல் பொத்தானை அழுத்தியவள் அவளேதான். அவருடைய ஆஸ்துமா இன்ஹேலர் அவள் மேசையில் கிடந்தது.

கதவைத் திறந்தால் வெளிக்காற்று புகுந்து கோடுகள் கலையும்; திரும்பப் பிடிப்பதற்குள் மலை முந்திக்கொள்ளும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மனசு பேரம் பேசியது. வெட்கக்கேடுதான், ஆனாலும் கை எழவில்லை. தாளம் வேகம் பிடித்தது. பிறகு சட்டென்று நின்றது.

கோடுகள் வரைந்து வைத்தாற்போல் நின்றன. அவள் முகம் மலர்ந்தது. அடுத்த நொடி, மூச்சே நின்றுவிட்டதோ என்ற பயம் வந்தது. ஒரு நிமிஷம் பொறுத்தால் அளவு முடிந்துவிடும். அவள் இன்ஹேலரைப் பறித்துக்கொண்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

கடைசி மூலையில், சுவரைப் பார்த்தபடி, சட்டையைத் தலைக்கு மேல் இழுத்துப் போர்த்தி அதற்குள் மூச்சு விட்டபடி அவர் குந்தியிருந்தார்.

"எதுக்குத் தொறந்த?" இளைப்பில் பாதிக் குரல்தான் வந்தது.

"கதவத் தட்டித் தொலைச்சா என்ன?"

"தட்டினா கோடு ஆடுமே."

இன்ஹேலரை அவர் வாயில் வைத்து அழுத்தினாள். வெளியே மலை நட்சத்திரத்தை விழுங்கிவிட்டிருந்தது. மூச்சு கொஞ்சம் சீரானதும் அவர் கேட்டார்.

"கோடு நின்னுச்சா?"

"நின்னுச்சு" என்றாள். நின்றதைப் பார்த்ததும் தனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை.